நேரமும் ஒரு ஸதகா



அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்து, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான நிகழ்ச்சி இது. அறிவில் சிறிது குறையுள்ள பெண்மணி ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கொரு காரியம் ஆகவேண்டும் என்றார். பெருமானார் அவரை விலக்கவில்லை; "பிறகு வா" என்றும் சொல்லவில்லை. "இன்னாரின் தாயே" என்று மரியாதையுடன் விளித்து, எந்த வீதியில் நின்று பேசலாம் என்பதை அவர் விருப்பத்திற்கே விட்டார்கள். அவர் தேவை முடியும்வரை கூடவே நின்றார்கள்.

ஒரு சமுதாயத்தையே தாங்கி நின்றவர்களுக்கு அதற்கு நேரம் இருந்தது. நமக்கு மட்டும் இல்லையா?

திருக்குர்ஆனின் 4-ஆம் அத்தியாயம் 5-ஆம் வசனம் வணிகராகிய நாம் ஊன்றிப் படிக்கத்தக்கது. பொருளை நிர்வகிக்கும் அறிவு இல்லாதவர்களின் பொறுப்பை ஏற்றவர், அவர்களுக்கு உணவளிக்க வேண்டும், உடையளிக்க வேண்டும், அவர்களிடம் நல்ல சொல் பேசவும் வேண்டும் என்பது அதன் கருத்து. முதல் இரண்டையும் நம் நன்கொடை வாங்கித் தரும். மூன்றாவதை எந்தக் காசோலையும் வாங்கித் தராது. ஆள்தான் நேரில் போகவேண்டும்.

சிங்கப்பூரில் அறிவுத்திறன் குறைபாடுள்ளோருக்காக 1962-இல் தோன்றிய சங்கமே இன்று 'மைண்ட்ஸ்' எனப்படுகிறது. பள்ளிகள், தொழிற்கூடங்கள், பகல்நேர நிலையங்கள், இல்லங்கள் எனப் பலவற்றை அது நடத்துகிறது. 2019 முதல் இத்தகைய பிள்ளைகளுக்கும் கட்டாயக் கல்விச் சட்டம் பொருந்துகிறது. ஆயினும் பள்ளிப் பருவம் முடிந்தபின் வீட்டோடு முடங்கிவிடுவோர் உண்டு. "எங்கள் காலத்திற்குப் பின் இவனை யார் பார்ப்பார்?" என்பதே பெற்றோரின் தீராக் கவலை. சேமித்த பொருளைக் காக்க அறக்கட்டளை ஏற்பாடு இருக்கிறது. பெயர் சொல்லி அழைக்கும் மனிதருக்கு யார் ஏற்பாடு செய்வது?

தொண்டு செய்ய முன்வருவோர் நினைவிற் கொள்ளத்தக்கவை சில:

1. அவரிடமே நேராகப் பேசுங்கள். உடன் வந்த தாயிடம் அவரைப் பற்றிப் பேசாதீர்கள். முப்பது வயதுடையவரைக் குழந்தைபோல் கொஞ்சாதீர்கள்.

2. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், சிறு வாக்கியத்தில் சொல்லுங்கள். பதிலுக்குப் பொறுத்திருங்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவருக்குக் கொடுங்கள்.

3. பெருநாளன்று பொட்டலம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு நின்றுவிடாதீர்கள். மாதம் ஒருமுறையேனும் தவறாது செல்லுங்கள். வருவதாகச் சொல்லிவிட்டு வராதிருப்பது அவர் மனத்தை வெகுவாக வருத்தும்.

4. தனித்துத் தொடங்காமல் ஓர் அமைப்பின் வழியாகச் செல்லுங்கள்; அவர்கள் தரும் பயிற்சியை முதலில் பெறுங்கள்.

5. கடையில் கூட்டம் குறைந்த வேளையில் அவரைப் பெற்றோருடன் வரச்சொல்லுங்கள். ஒரு சோப்பை அவரே எடுத்து, அவரே காசு கொடுத்து, மீதியை அவரே எண்ணி வாங்கட்டும். பத்துக் காசு, இருபது காசு, ஐம்பது காசு என்று பிரித்தறியப் பல வாரங்கள் ஆகலாம். ஆகட்டுமே! பழகியபின் அடுக்குவது, பொட்டலம் கட்டுவது போன்ற வேலையைப் படிப்படியாகப் பிரித்துக் கற்பித்து, உரிய கூலியும் கொடுக்கலாம்.

கல்லாவில் சேர்ந்ததை இரவில் எண்ணிப் பார்க்கிறோம். இன்று யாருக்காக நின்றோம் என்பதையும் சேர்த்து எண்ணுவோமாக! அல்லாஹ் அதற்குத் துணை புரிவானாக. ஆமீன்.