ஜாடிக்குள் இருப்பது முழுக்க ஹைட்ரஜனா?

கேள்வி: ஹைட்ரஜனைத் தண்ணீருக்கு மேல் பிடித்து அளக்கும்போது, காற்றழுத்தத்திலிருந்து நீராவி அழுத்தத்தைக் கழிக்கச் சொல்கிறார் எங்கள் வேதியியல் டீச்சர். இந்தக் கழித்தல் யார் சொல்லி வந்தது?
(பிளஸ் ஒன் மாணவி, அஞ்செட்டி)

பதில்: வாயுவைத் தண்ணீருக்கு மேல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் ஒருவர், கழிக்கக் கற்றுக்கொடுத்தவர் வேறொருவர். நடுவே முக்கால் நூற்றாண்டு ஓடியிருக்கிறது.

முதலாமவர் இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ். செடிகொடிகளைச் சூடாக்கினால் எவ்வளவு காற்று வெளிவரும் என்று அளக்க நினைத்தார். சூடாக்கும் பாத்திரத்திலிருந்து வளைந்த குழாய் ஒன்றைக் கொண்டுவந்து, தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த வேறொரு பாத்திரத்துக்குள் காற்றை ஏறவிட்டார். 1727ல் வெளிவந்த அவர் நூலில் இந்த ஏற்பாடு இருக்கிறது. ஆனால் வந்த வாயுக்களையெல்லாம் வெறும் காற்று என்றே அவர் எண்ணினார். பின்னால் வந்த வேதியியலாளர் பிரீஸ்ட்லி, தண்ணீரில் கரைந்துவிடும் வாயுக்களைப் பாதரசத்துக்கு மேல் பிடித்தார். அம்மோனியா அப்படித்தான் கைக்குச் சிக்கியது.

கழித்தலுக்குச் சொந்தக்காரர் ஜான் டால்டன். அணுக்கொள்கைக்காக அவரை நமக்குத் தெரியும். அதற்கு முன்பே அவர் வானிலைப் பித்தர். 1787ல் தொடங்கிய வானிலைக் குறிப்பேட்டை 1844ல் இறக்கும்வரை எழுதினார். காற்றில் ஈரம் எப்படித் தங்குகிறது என்பதுதான் அவரை விடாமல் துரத்திய கேள்வி. பாரமானிக் குழாயில் பாதரசத்துக்கு மேலுள்ள வெற்றிடத்தில் சிறிது தண்ணீரை விட்டு, குழாயைச் சுற்றி வெந்நீர் வைத்தார். பாதரசம் எவ்வளவு இறங்கியதோ, அதுதான் அந்த வெப்பநிலையில் நீராவியின் அழுத்தம். வெற்றிடத்துக்குப் பதிலாக உலர்ந்த காற்று இருந்தாலும் தண்ணீர் சேர்த்ததும் அழுத்தம் அதே அளவுதான் கூடியது. பக்கத்தில் வேறு வாயு இருப்பதை நீராவி பொருட்படுத்தவே இல்லை! கலவையில் ஒவ்வொரு வாயுவும் தன் பங்கு அழுத்தத்தைத் தனித்தனியே தருகிறது என்ற அவரது விதி 1801ல் மான்செஸ்டரில் வாசிக்கப்பட்டது. ஜாடிக்குள் ஹைட்ரஜனோடு நீராவியும் கலந்திருப்பதால், உங்கள் டீச்சர் சொல்லும் கழித்தல் அதிலிருந்து நேராக வருகிறது. மழையையும் பனியையும் கவனித்தவரிடமிருந்து வேதியியலுக்கு இப்படியொரு விதி கிடைத்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இனி உங்கள் ஊர் விஷயம். இதைப் பல கையேடுகள் சொல்வதில்லை. பாடப்புத்தகக் கணக்கில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம் என்றிருக்கும். அது கடல்மட்டத்துக்கு உரியது. உங்கள் பகுதியிலுள்ள ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பாரமானி சுமார் 685தான் காட்டும். அறை வெப்பநிலை 25 டிகிரி என்றால் நீராவி அழுத்தம் 24. கழித்தால் ஹைட்ரஜனுக்கு 661. கழிக்காமல் 760ஐ அப்படியே போட்டால் ஏழில் ஒரு பங்கு பிழை வந்துவிடும். கைபேசி வானிலைச் செயலிகள் காட்டுவதும் பெரும்பாலும் கடல்மட்டத்துக்குத் திருத்திய எண்தான், அதையும் நம்பாதீர்கள். அஞ்செட்டியில் செய்தால் உங்கள் ஆய்வகத்துப் பாரமானியைப் பார்த்தே எழுதுங்கள். வெயில் காலத்தில் அறை 35 டிகிரிக்கு ஏறினால் கழிக்க வேண்டியது 42 ஆகிவிடும். ஆகவே தண்ணீரின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். அளக்கும் முன் ஜாடிக்குள்ளும் வெளியேயும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வர ஜாடியை ஏற்றி இறக்குங்கள். மட்டம் ஒத்துவராவிட்டால், உயர வித்தியாசத்தை மில்லிமீட்டரில் எடுத்து 13.6ஆல் வகுங்கள், பாதரசக் கணக்கு கிடைக்கும். உள்ளே தண்ணீர் உயர்ந்திருந்தால் அதையும் கழிக்க வேண்டும், தாழ்ந்திருந்தால் கூட்டவேண்டும்.

கிராமத்துச் சாண எரிவாயுக் கலனில் மிதக்கும் இரும்பு டிரம் இருந்தால் அதையும் போய்ப் பாருங்கள். டிரம்மின் எடைதான் வாயுவை அழுத்துகிறது, சுமார் 10 சென்டிமீட்டர் தண்ணீர் உயரத்துக்கு. அங்கேயும் வாயு ஈரத்தோடுதான் கிளம்புகிறது. குளிர்ந்த குழாயில் அந்த ஈரம் தண்ணீராகத் தேங்குவதால்தான், அடுப்புக்குப் போகும் வழியில் தண்ணீர் வடிக்க ஒரு குழாய்த்திறப்பு வைக்கிறார்கள்.