இதயமும் நுரையீரலும்: அடுப்படியில் ஆரம்பமாகும் பாதுகாப்பு

மனித உடலில் இராப்பகலாக ஓய்வறியாது உழைக்கும் உறுப்புக்களில் முதன்மையானவை இதயமும் நுரையீரலுமாகும். மூடிய கைப்பிடியளவேயான இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவைகள் துடிக்கின்றது. ஒருவர் சும்மா அமர்ந்திருக்கும் வேளையிலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர் குருதியை அது உடலெங்கும் செலுத்துகின்றது. நுரையீரலிலோ ஏறத்தாழ 30 கோடி நுண்ணிய சிற்றறைகள் உள்ளன. அவற்றை விரித்துப் பரப்ப முடிந்தால் ஒரு சிறிய வீட்டின் தரையளவு இடத்தை அவை நிரப்பும்.

இவ்விரண்டும் தனித்தனி உறுப்புக்கள் போலத் தோன்றினாலும் தொழிலால் ஒன்றே எனலாம். உடலைச் சுற்றி வந்த குருதியை இதயத்தின் வலப்பக்கம் நுரையீரலுக்கு அனுப்புகின்றது. அங்கு காபனீரொட்சைட்டை விட்டு ஒட்சிசனைப் பெற்ற குருதி இதயத்தின் இடப்பக்கத்துக்குத் திரும்பி, அங்கிருந்து உடல் முழுவதற்கும் செல்கின்றது. ஆகவே நுரையீரல் பழுதடைந்தால் இதயம் கூடுதலாக உழைக்க வேண்டி வருகின்றது. நெடுங்காலச் சுவாச நோயாளரின் கால்கள் ஈற்றில் வீங்குவதற்கு, வலப்பக்க இதயம் களைத்துப் போவதும் ஒரு காரணமாகும். மறுபுறம் இதயம் பலவீனமடைந்தால் நுரையீரலில் நீர் கோர்த்து மூச்சு முட்டுகின்றது.

தென்னாசிய மக்களுக்கு மாரடைப்பு ஏனையோரை விட இளவயதிலேயே வருகின்றது. 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004 இல் வெளியான இன்ரர்ஹார்ட் என்னும் பேராய்வில் இலங்கையரும் இடம்பெற்றனர். முதலாவது மாரடைப்பு வரும் வயது தென்னாசியரில் ஏறத்தாழ 53 ஆகவும் ஏனைய நாட்டவரில் 59 அளவிலும் இருந்தமை அதில் தெரியவந்தது. பிள்ளைகளின் படிப்பும் கலியாணமும் முடியாத வயது அது. எனினும் அதே ஆய்வு ஆறுதலான செய்தியொன்றையும் தந்தது. புகைத்தல், குருதிக் கொழுப்பு, உயர் குருதியமுக்கம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், மரக்கறியும் பழமும் போதாமை, உடலுழைப்பின்மை முதலிய ஒன்பது காரணிகளே மாரடைப்புக்களில் பத்தில் ஒன்பதுக்குக் காரணமாகின்றன. இவற்றுட் பெரும்பாலானவை மனிதர் தம் கையால் மாற்றக்கூடியவை.

புகை

நுரையீரலைப் பொறுத்தவரை உணவை விட உள்ளே செல்லும் காற்றே முதன்மையானது. பால் குடித்தால் அல்லது பனங்கட்டி கடித்தால் புகைத்ததன் தீங்கு கழுவப்பட்டுவிடும் எனச் சிலர் நம்புகின்றனர். எந்த உணவும் நுரையீரலிற் படிந்த தாரைக் கழுவி அகற்றுவதில்லை.

யாழ்ப்பாணத்துக்கும் புகையிலைக்கும் உள்ள உறவு நீண்டது. இங்கு விளைந்த புகையிலை ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. பல குடும்பங்களின் வீடும் வளவும் அந்த வருமானத்தில் உண்டானவை. அதனாலேயே சுருட்டைக் குறை கூறுவது பெரியவர்களைக் குறை கூறுவது போலப் பலருக்குத் தோன்றுகின்றது. ஆனால் சிகரட், பீடி, சுருட்டு ஆகிய மூன்றின் புகையும் ஒரே தன்மையானதே. அதிலுள்ள காபனோரொட்சைட்டு, ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் வலுவாகக் குருதியின் ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்கின்றது. இதயம் எவ்வளவு உழைத்தும் உடலுக்குச் சேர வேண்டிய ஒட்சிசன் சேர்வதில்லை. நிக்கொட்டின் நாடித்துடிப்பைக் கூட்டி, குருதிக் குழாய்களைச் சுருக்குகின்றது. வெற்றிலையோடு புகையிலை போடுவோரின் உடலிலும் இதே நிக்கொட்டின் சேர்கின்றது. வாய்ப்புற்று நோய் அதற்கு மேலதிகம்.

பிரித்தானியாவில் 1951 இல் தொடங்கிய ஆய்வொன்றில் 34,000 க்கு மேற்பட்ட ஆண் வைத்தியர்களின் புகைத்தற் பழக்கம் ஐம்பது ஆண்டுகள் அவதானிக்கப்பட்டது. மற்றவர்களுக்குப் புத்தி சொல்லும் வைத்தியர்களே ஆய்வுக்குட்பட்டவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. தொடர்ந்து புகைத்தோர் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தனர் என 2004 இல் அதன் முடிவு வெளியாகியது. ஆயினும் 60 வயதில் விட்டவர்கள் கூட மூன்று ஆண்டு ஆயுளைத் திரும்பப் பெற்றனர். 50 வயதில் விட்டவர்கள் ஆறு ஆண்டுகளையும், 40 இல் விட்டவர்கள் ஒன்பது ஆண்டுகளையும் மீட்டனர். "இந்த வயதுக்குப் பிறகு விட்டென்ன?" என்று கேட்கும் முதியவருக்கு இதுவே விடை. இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தோருக்குப் புகையிலைப் பொருட்களை விற்பதைத் தடைசெய்துள்ளது. பேரனைக் கடைக்கு அனுப்பிச் சுருட்டு வாங்குவிக்கும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

சிகரட்டைத் தொட்டும் பாராத பெண்களுக்கு ஏன் நெஞ்சுச் சளியும் இளைப்பும் வருகின்றன? இதற்கான விடை பெரும்பாலும் அடுப்படியில் உள்ளது. மூடிய குசினிக்குள் விறகு, பொச்சு, ஓலை எரித்துச் சமைப்பவர் ஒவ்வொரு நாளும் பல மணித்தியாலங்கள் புகையைச் சுவாசிக்கின்றார். வீட்டினுள் எழும் இத்தகைய புகையால் 2020 இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. 2022 இல் எரிவாயுத் தட்டுப்பாடு வந்தபோது, கைவிட்ட விறகடுப்புக்குப் பல வீடுகள் திரும்பின. விலையேற்றத்தால் சில வீடுகளில் அது அப்படியே நிலைத்துவிட்டது. விறகடுப்பைத் தவிர்க்க முடியாதவர்கள் புகைபோக்கி அமைத்தல், எதிரெதிர் யன்னல்களைத் திறந்து வைத்தல், நன்கு காய்ந்த விறகையே எரித்தல், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அடுப்பருகே இருத்தாதிருத்தல் என்பவற்றையாவது செய்யலாம். வீட்டுக்காரர் புகைபோக்கிக்குச் செலவழிப்பதை வீண்செலவாக எண்ணக்கூடாது. முன் மதிலுக்குச் செலவழிக்கும் காசோடு ஒப்பிட்டால் அது சொற்பமே.

நுளம்புத்திரியும் இலேசுப்பட்டதல்ல. ஒரு சுருள் எரிந்து முடிகையில் வெளிவிடும் நுண்துகள்கள் 75 க்கும் மேற்பட்ட சிகரட்டுகள் வெளிவிடும் அளவுக்குச் சமமென 2003 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நுளம்பு வலையே பாதுகாப்பானது. கற்பூரம், சாம்பிராணி முதலியவற்றைக் காற்றோட்டமுள்ள இடத்தில் அளவோடு எரித்தலே நன்று. முட்டு வருத்தமுள்ள பிள்ளையைப் பூசை நேரத்தில் வாசலோரமாக நிற்கவிடுவதில் அபசாரம் எதுவுமில்லை. அப்பிள்ளைக்கு வைத்தியர் தந்த இன்கேலர் பழகிப்போகும் என்று பயந்து அதை நிறுத்துவதே அபாயம். வளவுக் குப்பையோடு பிளாஸ்ரிக்கைச் சேர்த்து எரிப்பதும் கைவிட வேண்டிய பழக்கம்.

உப்பும் எண்ணெயும்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. பழமொழி சொன்னவர் எவ்வளவு உப்பு என்று சொல்லவில்லை. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இது மட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டி. கறியில், பிட்டில், சம்பலில், பாணில், கருவாட்டில் உள்ள யாவும் இந்த ஒரு கரண்டிக்குள் அடங்க வேண்டும். உப்பு உடலில் நீரைத் தேக்கிக் குருதியமுக்கத்தை உயர்த்துகின்றது. பிறஷர் என்று பொதுவாகக் கூறப்படும் இந்த வருத்தம் நோவோ அறிகுறியோ காட்டாமல் இதயத்தையும் சிறுநீரகத்தையும் மூளையையும் தாக்கும். சோற்றுக்கு உப்புப் போடாதிருத்தல், மேசையில் உப்புச் சாடி வைக்காதிருத்தல், மோர்மிளகாய், ஊறுகாய், அப்பளம் என்பவற்றை நித்தம் உண்ணாது விசேட நாட்களுக்கு ஒதுக்குதல் என்பன எளிய வழிகள். தேசிக்காய்ப் புளி, மிளகு, சீரகம், உள்ளி, கறிவேப்பிலை ஆகியன உப்புக் குறைந்த கறிக்கு உருசி கொடுக்கும். முதல் சில கிழமைகள் சப்பென்று இருக்கும். பின்னர் நாக்குப் பழகிவிடும்.

சைவச் சாப்பாடு என்றால் இதயத்துக்குத் தீங்கில்லை என்ற எண்ணம் பக்தர்களிடையே பரவலாக உள்ளது. மரக்கறியும் பருப்பும் நல்லவைதாம். ஆனால் எண்ணெயில் ஊறிய கத்தரிக்காய்ப் பொரியல், வடை, அப்பளம், சீனி கூடிய பாயசம், மலைபோலக் குவித்த வெள்ளைச் சோறு ஆகிய யாவும் சைவமே. மச்சம் இல்லை என்பதற்காகக் குருதிக் குழாய் அவற்றை மன்னித்துவிடுவதில்லை.

தேங்காயைப் பற்றிப் பலவாறு பேசப்படுகின்றது. தேங்காய் நஞ்சல்ல. எனினும் தேங்காயெண்ணெயின் கொழுப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிரம்பிய கொழுப்பாகும். தீய கொலஸ்திரோலை அது உயர்த்துமென்பது பல ஆய்வுகளில் நிறுவப்பட்டுள்ளது. சொதிக்கும் கறிக்கும் முதற்பாலைக் குறைத்து இரண்டாம் பாலைக் கூட்டலாம். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயில் நிரம்பிய கொழுப்பு மிகக் குறைவு. ஆயினும் எந்த எண்ணெயானாலும் கரண்டிக் கணக்கிலேயே பாவிக்க வேண்டும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்தல் கூடாது. ஐதரசனேற்றிய கொழுப்பிற் செய்த பேக்கரிப் பண்டங்களும் பள்ளிப் பிள்ளைகளின் நித்திய உணவாகிவிடக் கூடாதவை.

ஊரில் விளைவதே போதும். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, தவிட்டோடு கூடிய சிவப்பரிசி, குரக்கன் பிட்டு, பயறு, கௌபி, கொய்யா, பப்பாப்பழம், வாழைப்பழம் என்பன நார்ப்பொருளும் பொற்றாசியமும் நிறைந்தவை. ஒரு நாளைக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் சேர வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் வழங்கும் அவித்த கடலை உண்மையில் அருமையான இதய உணவு. மச்சம் உண்பவர்களுக்குச் சூடை, சாளை போன்ற மலிவான சிறுமீன்களின் கொழுப்பு நன்மை தரும். பொரிப்பதை விடக் குழம்பு வைப்பது மேல். இதய வால்வுக்காக வோபரின் குளிசை பாவிப்பவர்கள் மட்டும் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, ஏனெனில் கீரையிலுள்ள விற்றமின் கே அம்மருந்தின் செயலை மாற்றும்.

விரதமும் மருந்தும்

கந்தசஷ்டி போன்ற விரத நாட்களில் சிலர் உணவோடு மருந்தையும் நிறுத்திவிடுகின்றனர். குருதியமுக்கக் குளிசையைத் தானாக நிறுத்தினால் அமுக்கம் சடுதியாக ஏறக்கூடும். நீரிழிவுக்காரர் மருந்தை எடுத்து உணவைத் தவிர்த்தால் குருதியிற் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கி மயக்கம் வரும். விரதம் தொடங்க ஒரு கிழமைக்கு முன்பே கிளினிக் கொப்பியுடன் வைத்தியரிடம் சென்றால், விரதத்தின் தன்மைக்கேற்ப மருந்து நேரத்தை அவர் மாற்றித் தருவார். இதய நோயாளர் தேர்த்திருவிழா வெயிலில் பிரதட்டை செய்வதற்கும் காவடி எடுப்பதற்கும் முன்னர் அவரிடம் கேட்பது அவசியம்.

போர்க்காலத்தில் எரிபொருள் கிடையாதபோது யாழ்ப்பாணத்தவர் அனைவரும் சைக்கிளில் மிதித்தே திரிந்தனர். இன்று ஒழுங்கை முடக்கிலுள்ள கடைக்கும் மோட்டார் சைக்கிள் வேண்டியிருக்கின்றது. 1953 இல் இலண்டனில் வெளியான ஓர் ஆய்வு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. மாடி பஸ்களில் நாள் முழுதும் இருந்தபடி ஓட்டிய சாரதிகளை விட, படியேறி இறங்கிய நடத்துனர்களுக்கு இதய நோய் குறைவாகவே வந்தது. இருவரும் ஒரே பஸ்ஸில் வேலை செய்தவர்கள். கிழமைக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாட்கள் அரை மணித்தியாலம் வீதம் சற்று விரைவாக நடந்தாற் போதும். கதைக்க முடியும், பாட முடியாது என்ற அளவே சரியான வேகம். காலையில் கோயில் வெளிவீதியை அவ்வேகத்திற் சுற்றினாலும் அது நடையே.

அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் 35 வயதைக் கடந்தோர் குருதியமுக்கம், சீனி, நிறை முதலியவற்றை இலவசமாகப் பரிசோதிக்கலாம். தாய் தந்தையருக்கு மாரடைப்பு வந்த குடும்பத்தார் இதைப் பின்போடக் கூடாது.

இறுதியாக ஒன்று. நடு நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் நோ, குளிர் வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை கண்டால் "வாய்வு" என்று சொல்லி இஞ்சித் தேநீரும் சோடாவும் கொடுத்து விடியும் வரை காத்திருக்கும் வழக்கம் பல உயிர்களைக் குடித்துள்ளது. பெண்களிலும் நீரிழிவுக்காரரிலும் நெஞ்சு நோ இல்லாமலே களைப்பும் ஓங்காளமும் மட்டும் வரலாம். அடைப்பைக் கரைக்கும் மருந்து முதல் ஒரு சில மணித்தியாலங்களுக்குள் ஏற்றப்பட்டாலே முழுப்பயன் தரும். இறந்த இதயத்தசை மீண்டும் வளர்வதில்லை. வட மாகாணத்தில் 2018 முதல் இயங்கும் 1990 அம்புலன்ஸ் சேவை முற்றிலும் இலவசம். நோயாளரை நடக்கவோ மோட்டார் சைக்கிளில் ஏறவோ விடாது இருத்தி வைத்து, அந்த இலக்கத்துக்கு அழைத்து, ஊர்ப் பெயரோடு அருகிலுள்ள கோயிலின் பெயரையும் கூறினால் அம்புலன்ஸ் வழி தவறாமல் வந்து சேரும்.