சன்னல் சாயத்தைச் சுரண்டுவதற்கு முன்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே லயத்தில் வீட்டுக்கு வீடு சாயம் அடிக்கிற வேலை தொடங்கிவிடும். சுவருக்கு அடிப்பதில் பெரிய தொல்லை இல்லை. சன்னல்தான் தொல்லை. பலகைச் சன்னலோ, நாக்கோ கண்ணாடிச் சன்னலோ, அதன் மரச் சட்டத்தில் பழைய சாயம் வெடித்துத் தோல் தோலாக நிற்கும். அதைச் சுரண்டினால்தான் புதுச் சாயம் ஒட்டும். வேலை விட்டு வந்த ஆம்பிளைகள் மணல் தாளும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளைகள் கீழே விளையாடிக்கொண்டிருக்கும். இதில் என்ன சுகாதாரப் பாடம் என்று கேட்கிறீர்களா? இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் இரண்டு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். “ஐயா, புள்ள சோறு திங்க மாட்டேங்குறான். வயித்தப் புடிச்சிக்கிட்டு அழுவுறான். மூணு நாளா வெளிக்கிப் போவல” என்றார். கண் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. பூச்சிதான் என்று நினைத்து, பூச்சி மருந்தும் இரும்புச் சத்து மருந்தும் கொடுத்து அனுப்பினேன். மறுபடி வந்தார்கள். மறுபடியும் அதே மருந்துதான். மூன்றாம் தடவை பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தேன். அங்கே இரத்தம் எடுத்துப் பார்த்து, உடம்பில் காரீயம் ஏறியிருக்கிறது என்றார்கள். பிறகுதான் அந்த வீட்டுக்குப் போனேன். தகப்பன் எல்லாச் சன்னல்களையும் காய்ந்தபடியே தேய்த்திருந்தார். பையன் படுக்கிற பாய் அந்தச் சன்னலுக்குக் கீழேதான் கிடந்தது. “வீட்டில் எதையாவது சுரண்டினீர்களா?” என்று முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது என் குறை.

காரீயம் என்றதும் ரசம் வைக்கிற ஈயச் சொம்பை நினைக்காதீர்கள். அது வெள்ளீயம், வேறு உலோகம். காரீயத்தை அந்தக் காலத்தில் சாயத்தில் கலந்தார்கள். சாயம் சீக்கிரம் காயும், நிறம் எடுப்பாக இருக்கும், வெயில் மழைக்குத் தாங்கும். அதனால்தான் மரத்துக்கும் இரும்புக்கும் அடிக்கிற சாயத்தில் அது அதிகம். அதன் கேடு புதிதாகத் தெரிந்ததல்ல. 1921ஆம் ஆண்டிலேயே ஜெனீவாவில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு, கட்டடங்களின் உட்புறத்தில் வெள்ளைக் காரீயச் சாயம் அடிப்பதைத் தடுக்க ஓர் ஒப்பந்தம் செய்தது. சாயம் அடிக்கிற தொழிலாளிகள் நோயில் விழுந்ததுதான் காரணம். அமெரிக்காவில் வீட்டுச் சாயத்துக்கு 1978இல்தான் தடை வந்தது. நம் பழைய லயத்துச் சன்னலில் ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனை அடுக்குச் சாயம் இருக்கிறது, அடியில் இருப்பது என்ன சாயம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே பழைய சாயம் எல்லாவற்றிலும் காரீயம் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சுரண்டின தூள் மாவு மாதிரி தரையில் படியும். தவழுகிற பிள்ளை அதைத் தொட்டு விரலைச் சப்பும். சாயச் செதிலில் லேசான இனிப்பு வேறு இருக்கும். ஒரு தடவை தின்ற பிள்ளை மறுபடி தேடும். வயிற்றுக்குள் போன காரீயத்தைப் பெரியவர்களைவிடச் சிறு பிள்ளைகளின் உடம்பு நாலைந்து மடங்கு அதிகமாக இழுத்துக்கொள்ளும். இரத்தம் குறையும், வயிறு வலிக்கும், மலம் கட்டும். பல பிள்ளைகளுக்கு இது எதுவுமே தெரியாது. மூளை மட்டும் மந்தப்படும். பாடம் ஏறாது, சிடுசிடுப்பு வரும். “மக்குப் பய” என்று அடிப்போம். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பிள்ளைத்தாய்ச்சிகளும் தள்ளி நிற்க வேண்டும். தாயின் உடம்பிலிருந்து கருவுக்கு அது போய்விடும்.

அப்படியானால் சன்னலுக்குச் சாயமே அடிக்கக் கூடாதா? அடிக்கலாம். பழைய சாயம் உறுதியாக ஒட்டிக்கொண்டிருந்தால் சுரண்டவே வேண்டாம். சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, ஈர மணல் தாளால் இலேசாகத் தேய்த்து, காயவிட்டு, அதன் மேலேயே அடியுங்கள். உரிகிற இடத்தை மட்டும் சுரண்டுங்கள், அதுவும் ஈரமாக. துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற போத்தல் போதும். தெளித்துத் தெளித்துச் சுரண்டினால் தூள் பறக்காது. நெருப்பு காட்டி உரிக்காதீர்கள். கரண்டு மிஷினால் தேய்ப்பதும் கூடாது.

அன்றைக்குப் பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பாய், தலையணை, சோற்றுப் பானை எல்லாவற்றையும் அந்த அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். உள்ளே சுரண்டும்போது தரையில் பிளாஸ்டிக் விரியுங்கள், வெளியே சுரண்டும்போது மண்ணிலும் விரியுங்கள். சன்னலுக்கு அடியில்தான் நாம் கீரைப் பாத்தி போடுகிறோம், கோழியும் அங்கேதான் மேய்கிறது! கொரோனா காலத்தில் போட்டோமே, அந்தச் சாதா முகமூடி இதற்கு உதவாது. என்-95 வாங்குங்கள். வேலை நடுவே வெற்றிலை, சிகரெட், தேத்தண்ணி எதுவும் வேண்டாம். கை கழுவிவிட்டு வெளியே போய்க் குடியுங்கள். முடிந்ததும் பிளாஸ்டிக்கைத் தூளோடு சுருட்டிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். எரிக்காதீர்கள். விளக்குமாறு போட்டுக் கூட்டவும் கூடாது. சவர்க்காரத் தண்ணீரில் துணி நனைத்து இரண்டு மூன்று தடவை துடையுங்கள். போட்டிருந்த சட்டையைத் தனியாகத் துவையுங்கள்.

புதுச் சாயம் வாங்கும்போது டின்னில் ‘பிளம்பும்’ இல்லை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். காரீயத்துக்கு மலாயில் அதுதான் பெயர். உள்பக்கத்துக்குத் தண்ணீர்ச் சாயம் நல்லது, நெடி குறைவு. வெளிப்பக்கத்தைக் காலையில் பனி காய்ந்த பிறகு தொடங்கி, சாயந்திர மழைக்கு முன் முடித்துவிடுங்கள். ஈர மரத்தில் அடித்த சாயம் அடுத்த வருடமே உரியும், மறுபடி சுரண்டணும். மீதித் தின்னரையோ மண்ணெண்ணெயையோ குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வாருங்கள்.

ஏற்கெனவே காய்ந்தபடி சுரண்டிவிட்டீர்களா? இன்றைக்கே ஈரத்துணியால் வீட்டைத் துடையுங்கள். வயிறு காய்ந்த பிள்ளையின் உடம்பில் காரீயம் அதிகம் ஏறும். நேரத்துக்குச் சாப்பாடு கொடுங்கள். முருங்கைக் கீரை, நெத்திலி, முட்டை, கொய்யா எல்லாம் நல்லது. சோற்றோடு தேத்தண்ணி கொடுக்காதீர்கள், அது இரும்புச் சத்தைத் தடுக்கும். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், “பழைய சன்னலைச் சுரண்டினோம், காரீயத்துக்கு இரத்தம் பார்க்கணும்” என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். வெறும் வயிற்று வலி என்று மட்டும் சொன்னால், என்னை மாதிரிப் பூச்சி மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.