ஊதுகிற வாத்தியமே உசிதம்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
ஆனி 20.

சிரஞ்சீவி பேத்திக்குச் சின்னத் தாத்தா அநேக ஆசீர்வாதம்.

உங்கள் பள்ளிக்கூடத்தில் பேண்டு வாத்தியக் குழுவுக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறார்களென்றும், அதற்கான சம்மதக் கடிதத்தை நீ வாங்கி வந்து யாரிடமும் காட்டாமல் கணக்கு நோட்டுக்குள் வைத்திருந்ததைத் தான் தற்செயலாகப் பார்த்ததாகவும், ஒத்திகையும் டியூஷனும் ஒரே நேரத்தில் வருவதால் பெரியவனாகிய நான் உனக்கு இதமாக எடுத்துச் சொல்ல வேண்டுமென்றும் உன் அப்பா நேற்று டெலிபோனில் கேட்டுக்கொண்டான். இதமாகவே சொல்கிறேன். ஆனால் நான் எந்தப் பக்கம் சொல்வேன் என்பதை அவன் சற்று யோசித்திருக்கலாம்.

உன்னை நிர்ப்பந்திக்கும் உத்தேசம் எனக்குக் கிடையாது. சேர்வதும் சேராததும் முழுக்க முழுக்க உன் இஷ்டம். சேர்ந்தால் உண்டாகக்கூடிய பிரயோஜனங்களையும், சேராவிட்டால் உண்டாகக்கூடிய பிரயோஜனங்களையும் பக்ஷபாதமில்லாமல் எழுதிவிட வேண்டுமென்றுதான் உட்கார்ந்தேன். பின்னதில் ஒன்றும் தோன்றவில்லை.

பங்குனியில் நடந்ததைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு நீ யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றும், பள்ளி விட்டு வந்தால் மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு செல்போனும் நீயுமாக இருக்கிறாய் என்றும் உன் அம்மா சொல்லும்போதெல்லாம், பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்துவிட முடியும் என்ற ஏக்கம் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிறது. பேசு, பேசு என்று உன்னை நச்சரிக்க மாட்டேன். பேண்டு வாத்தியத்தில் உள்ள பெரிய சௌகரியமே அங்கே யாரும் உன்னைப் பேசச் சொல்லமாட்டார்கள் என்பதுதான். பக்கத்தில் நிற்பவள் வாசிப்பதைக் காதால் வாங்கி, அவள் விட்ட இடத்தில் நீ தொடங்க வேண்டும், அவ்வளவே. வாய் திறவாமலே இருபது பேருடன் உறவாடுவதற்கு இதைவிட நல்ல உபாயம் ஒன்றை நான் அறியேன்.

அணிநடையில் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 120 அடி எடுத்துவைப்பது வழக்கம். அந்தக் காலப் பிரமாணத்தைக் காப்பாற்றுவது பெரிய டிரம். ஆடிப்பூரத் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவரை நீ பார்த்திருக்கிறாய்; ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுத்தாலும் ரத வீதி முனையில் தேர் எப்படித் திரும்ப வேண்டுமென்பதை அவர் கையிலுள்ள கட்டை தீர்மானிப்பதுபோல், கூட்டம் முழுவதன் காலையும் அந்த ஒரு முழவு கட்டி ஆள்கிறது. சிம்பல் தட்டுகிறவளுக்கோ வேலை சொற்பம். ஆயினும் எண்ணிக்கொண்டே காத்திருந்து, உரிய மாத்திரையில் ஒரே ஒரு முறை தட்டிவிட்டு மறுபடியும் காத்திருப்பதற்கு வேண்டிய பொறுமை நம் குடும்பத்தில் ஒருவருக்கும் இருந்ததில்லை.

பிள்ளைகளெல்லாம் முதலில் ஆசைப்படுவது சைடு டிரம்மைத்தான். வலது தோளில் வார் மாட்டி, இடது தொடையின்மேல் சாய்வாகத் தொங்கவிட்டு வாசிக்கிற அந்த வாத்தியம் பார்வைக்கு வெகு கம்பீரமானது. சாய்ந்து தொங்குவதனால்தான் இடக்கைக் குச்சியை வேறுவிதமாக, உள்ளங்கை மேல்நோக்கப் பிடிக்கும் சம்பிரதாயம் உண்டாயிற்று. எனக்கு அதன்மேல் துவேஷம் ஒன்றுமில்லை. இருந்தாலும் ஊதுகிற வாத்தியமே உசிதம் என்பது என் திடமான அபிப்பிராயம். பியூகிளை எடுத்துக்கொள். அதில் துளையுமில்லை, சாவியுமில்லை. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் மூச்சைச் செலுத்துவதாலேயே நாலைந்து ஸ்வரங்களையும் வரவழைக்க வேண்டும். முதல் வாரத்தில் காற்றுத்தான் வரும். பிறகு ஒருநாள் அது சப்தமாகிவிடும். நெஞ்சிலே அடைத்துக்கொண்டு கிடப்பதை வெளியே விடுவதற்குப் பகவான் கொடுத்த வழி மூச்சு ஒன்றுதான் என்று நான் நம்புகிறேன். கிளாரினெட் கிடைக்குமானால் இன்னும் விசேஷம்.

கிளாரினெட் என்று எழுதியவுடன் உன் அப்பாவுக்கு நான் எதைச் சொல்ல வருகிறேன் என்பது தெரிந்துவிடும். அந்தப் பெட்டி விஷயம் உனக்கும் அரைகுறையாகத் தெரியும். உன் தாத்தா எனக்கு அண்ணன். காலமானவரைக் குறை கூறுவது தர்மமல்ல. ஆயினும், கல்யாண ஊர்வலத்திலும் சாவு ஊர்வலத்திலும் தெருவில் நடந்துபோகிறவர்கள் வாசிக்கிற வாத்தியம் நம் வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்டு, ஒரு மில் தொழிலாளியிடம் தவணை சொல்லி நான் வாங்கி வந்த கிளாரினெட்டைப் பரணில் ஏற்றினாரே, அது எந்தச் சாஸ்திரத்தில் சேர்ந்தது? தெருவில் நடந்து வாசிக்கிறவர்களைத் தாழ்வாக நினைத்தவர், ஆண்டாளும் ரங்கமன்னாரும் எழுந்தருளும்போது முன்னால் நாகஸ்வரம் வாசித்துச் செல்கிறவர்களும் தெருவில்தான் நடக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டார். தஞ்சாவூரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மகாராஜா தம் அரண்மனையில் மேல்நாட்டு பேண்டு ஒன்றை வைத்து ஆதரித்தார். முத்துஸ்வாமி தீக்ஷிதர் மணலியில் வசித்த இளம்பருவத்தில் வெள்ளைக்காரர்களின் பேண்டு இசையைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார். நோட்டு ஸ்வரங்கள் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அவைதாம். ஆங்கில அரசருடைய வாழ்த்துப் பாட்டின் மெட்டுக்கூட அவர் கையில் அம்பாள் ஸ்தோத்திரமாகிவிட்டது! கிளாரினெட்டில் கர்நாடக ராகங்களை வாசித்த ஏ.கே.சி. நடராஜனுக்கு 2022இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பத்திரிகையில் அவர் படத்தைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனைக்கும் நீங்கள் இருப்பது எந்த ஊர்? சென்னை ராஜ்யத்தின் முதன் மந்திரியாக 1949 முதல் 1952 வரை இருந்த பூ.ச. குமாரசாமி ராஜா தாம் வசித்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கென்று தானம் செய்த ராஜபாளையம். அந்த ஊரில் நம் வீட்டில் ஒரு முழ நீளப் பெட்டிக்குப் பரணைத் தவிர வேறிடம் அகப்படவில்லை. பிற்பாடு நான் இறக்கிப் பார்த்தபோது ரீடு பிளந்து, மரமும் விரிசல் விட்டிருந்தது.

போகட்டும். டியூஷனைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அதைக் காலையில் வைத்துக்கொள்ளலாம், அல்லது வைத்துக்கொள்ளாமலும் இருக்கலாம். உன் அப்பா அத்தனை டியூஷன் படித்தும் கணக்கில் என்ன வாங்கினான் என்பதை அவனிடமே கேள். பெண்பிள்ளைக்கு எதற்கு என்று பாட்டி சொன்னால், குடியரசு தினத்தை ஒட்டி டில்லியில் நடக்கிற பள்ளி பேண்டுப் போட்டியில் பெண்களுக்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு என்று சொல். நீ டில்லிக்குப் போக வேண்டுமென்று நான் ஆசைப்படவில்லை. சுதந்திர தினத்தன்று உங்கள் மைதானத்தில் நாலாவது வரிசையில் நின்று ஊதினால் போதும், நான் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவேன். கையெழுத்துப் போட உன் அப்பா தயங்கினால், பாதுகாவலர் என்ற முறையில் போடுவதற்கு நான் இருக்கிறேன்.

வேண்டுமென்றே நீளமாக எழுதவில்லை, கை ஓடிவிட்டது. இதைப் படித்துவிட்டுத் தாத்தா கோபமாயிருக்கிறார் என்று நினைத்துவிடாதே, கண்ணே. நீ பேண்டில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், டிரம்மையே எடுத்துக்கொண்டாலும்கூட, ஒன்பதாம் வகுப்பில் இன்னும் ஒரு வருஷம் உட்கார்ந்தாலும், என் பேரன் பேத்திகளில் உனக்கு நிகர் ஒருவருமில்லை. இந்த வரியை மட்டும் உன் தம்பியிடம் காட்டாதே. ஞாயிற்றுக்கிழமை அவசியம் வா. இங்கே உன் சின்னப் பாட்டி உனக்கென்று பால்கோவாவை இன்றைக்கே வாங்கி வைத்துவிட்டாள். அதுவரை நான் அதைத் தொடாமல் இருக்கிறேனா என்று ஆள் போட்டுக் காவல் காக்கிறாள். நேரத்தில் சாப்பிடு, நேரத்தில் தூங்கு. அப்பாவிடம் சண்டை பிடிக்காதே. அதற்கு நான் இருக்கிறேன்.

உன் பிரியமுள்ள,
சின்னத் தாத்தா.