ஏசி ஓடியும் ரேக் ஏன் சுடுகிறது?

கேள்வி: சேலையூரில் மாடியில் சிறு அலுவலகம் நடத்துகிறோம். சுவரில் மாட்டிய 9யு ரேக்கில் மோடம், ரவுட்டர், 24 போர்ட் ஸ்விட்ச், கேமரா பதிவுப் பெட்டி, யுபிஎஸ் எல்லாம் இருக்கின்றன. ஏசியை 18-இல் வைத்தாலும் மதியத்துக்கு மேல் ஸ்விட்சில் கை வைக்க முடியவில்லை. இணைப்பும் விட்டுவிட்டு வருகிறது. 1 டன் ஏசியை எடுத்துவிட்டு 2 டன் போடலாமா?
— ஒரு வாசகர், சேலையூர்

பதில்: பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டீர்கள், மகிழ்ச்சி. 2 டன் ஏசி உங்களுக்குத் தேவைப்படாது. ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

முதலில், ரேக்குக்குள் எவ்வளவு சூடு பிறக்கிறது? கருவி இழுக்கும் மின்சாரம் அநேகமாக முழுவதும் வெப்பமாகத்தான் முடிகிறது. ஸ்விட்சின் லேபிளில் ‘370 வாட்’ என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். அது பிஓஇ, அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரம் அனுப்பும் வசதியின் உச்ச அளவு. அந்த மின்சாரத்தின் பெரும்பகுதி கேமராவில்தான் சூடாகிறது. உங்கள் பட்டியலிலுள்ள எல்லாக் கருவிகளும் சேர்ந்து பெட்டிக்குள் விடும் வெப்பம் சுமார் 200 வாட் இருக்கும்.

1 டன் ஏசி ஏறத்தாழ 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும். ஆகவே குளிருக்குப் பஞ்சமில்லை. அந்தக் குளிர் பெட்டிக்குள் நுழைய வழியில்லை என்பதுதான் சிக்கல்.

கண்ணாடிக் கதவைச் சாத்தி, பின்பக்கம் சுவரோடு ஒட்டிய ரேக்கில், வெப்பம் தகட்டின் வழியாகத்தான் கசிந்து வெளியேற வேண்டும். 9யு அளவுப் பெட்டியில் 200 வாட் அடைபட்டால், உள்ளே அறையைவிட 25 முதல் 30 டிகிரி வரை கூடிவிடும். அறை 24 என்றால் பெட்டிக்குள் 50 தாண்டும். ஏசியை 18-க்கு இறக்கினாலும் உள்ளே குறைவது அதே 6 டிகிரிதான். அலுவலக ஸ்விட்சுகள் பெரும்பாலும் 40 முதல் 50 டிகிரி வரைதான் தாங்கும். ரேக் மாட்டியது மேற்குச் சுவராக இருந்தால், மதிய வெயிலில் சுவரும் சூடேறி அந்தப் பக்க வழியையும் அடைத்துவிடும்.

அதே 200 வாட்டை வினாடிக்கு 17 லிட்டர் காற்று கடந்து போனால், உள்ளே கூடுவது 10 டிகிரி மட்டுமே. சாதாரண ரேக் ஃபேன் ஒன்றே இதற்குப் போதும். ஆனால் மேலே ஃபேன் ஓடி, கீழே காற்று நுழையும் துளையைக் கேபிள் கட்டு அடைத்திருந்தால், சாத்திய சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டிய கதைதான்.

செய்ய வேண்டியவை இவை. கண்ணாடிக் கதவுக்குப் பதில் துளையிட்ட கதவு போடுங்கள். கீழ்த்துளையை விடுவித்து, மேலே ஃபேன் மாட்டி, அதற்கு யுபிஎஸ் வழியாக மின்சாரம் கொடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் கரண்ட்டை நிறுத்தும் நாளில் ஏசி நின்றுவிடும், ஸ்விட்ச் ஓடிக்கொண்டிருக்கும். ஃபேன் தேவைப்படுவது அப்போதுதான்.

யுபிஎஸ்ஸை வெளியே எடுத்துவிடுங்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். இடமும் மிச்சமாகும். ‘யு’ என்பது ரேக் உயரத்தின் அலகு, 1யு 44.45 மி.மீ. மிஞ்சும் இடத்தில் ஸ்விட்சுக்கும் பதிவுப் பெட்டிக்கும் நடுவே 1யு காலியாக விடுங்கள். சில ஸ்விட்சுகள் பக்கவாட்டில் காற்று விடுபவை. அவற்றின் பக்கத் துளைகளைக் கேபிள் மறைக்கக் கூடாது.

ஏசியை 24-க்கே ஏற்றிவிடுங்கள். சென்னையின் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியும் வெப்பநிலை, ஆண்டின் பெரும்பகுதி 22 டிகிரிக்கு மேல். 18-இல் குளிர்ந்து கிடக்கும் தகட்டின் மேல், ஜன்னலைத் திறந்ததும் வெளிக்காற்று பட்டால் வியர்த்துவிடும். ஏசியின் உள் யூனிட்டுக்கு நேர் கீழேயும் ரேக் வேண்டாம், தண்ணீர் சொட்டலாம்.

நீங்கள் மாடியில் இருக்கிறீர்கள். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தளத்தில் இருப்பவர்கள் ரேக்கையும் யுபிஎஸ்ஸையும் இயன்ற அளவு உயரத்தில் வைக்க வேண்டும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியபோது அப்பகுதிகள் மூழ்கின.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. ஸ்விட்சின் காற்றுத் துளையருகே ஒரு வெப்பமானியை வையுங்கள். ஒரு மதியம் கதவைச் சாத்தியும், மறுநாள் அதே நேரம் கழற்றி வைத்தும் அளந்து பாருங்கள். கழற்றியதும் 10 டிகிரிக்குக் குறையாமல் இறங்கினால், செலவு ஒரு கதவும் ஒரு ஃபேனும்தான்.