ஃபியோ சொன்ன 1,400 எம்பி

போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட் ரிவ்யூ. லேப் சர்வர்ல இருக்கிற பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போடணுமா, வேண்டாமா என்பதுதான் எங்க டாபிக். ரெண்டையும் ஃபியோ வெச்சு அளந்தோம். எழுதும் வேகம் ரெண்டுக்குமே வினாடிக்குக் கிட்டத்தட்ட 1,400 எம்பி. "வித்தியாசம் இல்லை, எஸ்எஸ்டி தேவையில்லை" என்று கடைசி ஸ்லைடில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம்.

மேம் ஒரே கேள்விதான் கேட்டாங்க. "சாட்டா கேபிள்ல வினாடிக்கு 600 எம்பிக்கு மேல போகாதேப்பா. மீதி 800 எந்த வழியா போச்சு?"

யாருக்கும் பதில் தெரியல. உங்களுக்கு அந்த நிலைமை வரக்கூடாதுன்னுதான் இந்தக் கட்டுரை.

ஃபியோவை எழுதினவர் யென்ஸ் ஆக்ஸ்போ. லினக்ஸ் கெர்னலில் டிஸ்க் சம்பந்தப்பட்ட பிளாக் லேயரைப் பார்த்துக்கொள்பவர். ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியா புரோகிராம் எழுதி அலுத்துப்போய், எல்லா மாதிரி வேலையையும் ஒரே கருவியில் விவரிக்கிற மாதிரி இதைச் செய்தார். அதனால இது "உங்க டிஸ்க் வேகம் இவ்வளவு" என்று ஒற்றை மார்க் போடாது. நீங்க விவரிச்ச வேலையை அப்படியே செய்துட்டு, எவ்வளவு நேரம் ஆச்சுன்னு மட்டும் சொல்லும். நாங்க விவரிச்சதுலதான் தப்பு.

லினக்ஸில் ஒரு புரோகிராம் எழுதுகிற டேட்டா நேரா டிஸ்க்குக்குப் போகாது. முதல்ல ரேமில் இருக்கும் பேஜ் கேஷுக்குப் போகும். "எழுதியாச்சு" என்று கெர்னல் சொல்லிடும். டிஸ்க்கில் இறக்குவது பிறகு. எங்க ஃபைல் 1 ஜிபி, மெஷின்ல ரேம் 16 ஜிபி. ஒரு வினாடிக்குள்ள எல்லாம் ரேமில் உட்கார்ந்துடுச்சு. அந்த 800 எம்பி எந்த வழியாவும் போகலை. நாங்க அளந்தது ரேமை.

இதைத் தடுக்க டைரக்ட்=1 கொடுக்கணும். சொல்லாம விட்டா ஃபியோ 0-ன்னுதான் எடுத்துக்கும். படிக்கும்போதும் இதே வலைதான். டெஸ்ட் தொடங்கும் முன்னாடி அந்த ஃபைலின் கேஷை ஃபியோவே காலி பண்ணிடும், உண்மை. ஆனா 1 ஜிபி ஃபைலை 60 வினாடி ஓட்டினா, முதல் சுற்று முடிஞ்சதும் மறுபடி முதல்லேருந்து படிக்கும். ரெண்டாவது சுற்று ரேமிலிருந்து வந்துடலாம்.

நாங்க கடைசியில் பயன்படுத்தின ஜாப் ஃபைல் கீழே. உச்சரிப்பைத்தான் தமிழில் எழுதியிருக்கேன், டெர்மினல்ல ஆங்கில எழுத்துலதான் அடிக்கணும்:

[ரேண்டம்]
ஆர்டபிள்யூ=ரேண்ட்ரீட்
பிஎஸ்=4கே
சைஸ்=4ஜி
டைரக்ட்=1
ஐஓஎன்ஜின்=லிப்ஏஐஓ
ஐஓடெப்த்=1
டைம்_பேஸ்டு=1
ரன்டைம்=60

முதல் ரெண்டு வரியும்தான் உங்க கேள்வி. பிஎஸ் என்றால் ஒரு தடவைக்கு எவ்வளவு. ஆர்டபிள்யூ என்றால் வரிசையாவா, அங்கங்கே தாவியா. சினிமா ஃபைல் காப்பி பண்றது வரிசை வேலை, 1 எம்பி பிளாக் போதும். டேட்டாபேஸ் தாவுற வேலை. எங்க சர்வர்ல ஓடுறது மைஎஸ்க்யூஎல், அதை வரிசையா எழுதி அளந்தது ரெண்டாவது தப்பு.

தாவல் ஏன் வலிக்கும்னு கணக்கு போட்டுப் பாருங்க. ஹார்டு டிஸ்க் நிமிஷத்துக்கு 7,200 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி, சராசரியா அரைச் சுற்று காத்திருக்கணும், அதாவது 4 சொச்சம். ஹெட் நகர இன்னும் 8 அல்லது 9. மொத்தம் 12, 13 மில்லிவினாடி. அப்போ வினாடிக்கு 80 தடவைக்குள்ளதான். 4 கேபி வீதம் 80 தடவை என்றால் 320 கேபி! பென்டிரைவ் பரவாயில்லைன்னு தோணும்.

ஐஓடெப்த் என்பது பதிலுக்குக் காத்திருக்காம ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கை அனுப்பலாம் என்பது. 100 மைக்ரோவினாடியில் பதில் தரும் எஸ்எஸ்டியில் டெப்த் 1 என்றால் வினாடிக்கு 10,000. டெப்த்தைக் கூட்டினா எண்ணும் கூடும், ஏன்னா எஸ்எஸ்டி உள்ளே பல சிப்கள் இணையா வேலை செய்யும். விளம்பரத்தில் வரும் லட்சக்கணக்கான எண்கள் பெரிய டெப்த்தில் எடுத்தவை. இன்ஜினை மாத்தாம டெப்த்தை மட்டும் 32 ஆக்கினீங்கன்னா ஒண்ணும் நடக்காது. லினக்ஸில் ஃபியோ தானா எடுத்துக்கிற பிசிங்க் இன்ஜின் ஒவ்வொண்ணா முடிச்சுட்டுத்தான் அடுத்ததுக்குப் போகும். லிப்ஏஐஓ அல்லது ஐஓ_யூரிங் வேணும். இதுல எங்க டீம் ஒரு முழு சாயங்காலத்தை விட்டுச்சு.

ரிசல்ட் வந்ததும் சராசரியோட நிக்காம கீழே சிளாட் பெர்சென்டைல் பகுதியைப் பாருங்க. அதில் 99.00 என்ற இடத்தில் இருக்கிற எண், நூற்றில் ஒரு கோரிக்கை குறைஞ்சது இவ்வளவு நேரமாவது காத்திருந்துச்சுன்னு சொல்லும். லாகின் பக்கம் சில சமயம் மட்டும் ஏன் தொங்குதுங்கிற கேள்விக்கு அங்கேதான் பதில் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஃபைல்நேம் என்ற இடத்தில் சாதாரண ஃபைலுக்குப் பதிலா டிஸ்க்கின் பேரையே கொடுத்து எழுதும் டெஸ்ட் ஓட்டினா, அதில் இருக்கிறது எல்லாம் அழியும். உங்க ஓஎஸ், அசைன்மென்ட், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், எல்லாமே. டிஸ்க்கை நேரடியா படிக்க மட்டும்தான் போறீங்கன்னா ரீட்ஒன்லி ஆப்ஷனைச் சேர்த்துடுங்க, கை தவறினாலும் எழுத விடாது.

ரெண்டாவது ரிவ்யூவில் ஹார்டு டிஸ்க் 78, எஸ்எஸ்டி 9,100 என்று காட்டினோம். வினாடிக்கு இத்தனை 4 கேபி ரீட். மேம் கொஞ்ச நேரம் ஸ்கிரீனைப் பார்த்துட்டு, "இதைக் கேபிள் தாங்குமா?" என்றாங்க.

37 எம்பிதான் மேம், தாங்கும்.