கடைப் பழத்து விதையில் கன்று வளர்ப்போம்

ஆலையடிவேம்புப் பக்கம் சொந்தக்காரர் உள்ள குடும்பங்கள் அங்கே போய் வரும்போது, பையில் நாலு மாம்பழமும் வருவது வழக்கம். பழத்தைத் தின்ற பிள்ளைகள் கொட்டையை லயத்துக்குப் பின்னால் புதைத்து விடுவார்கள். அது முளைக்கும், மரமாகவும் வளரும். "எட்டு வருசமாச்சு, ஒரு காயக் கூடக் காணல்லியே!" என்று அம்மா பிறகு அலுத்துக்கொள்வார்.

தவறு கொட்டையில் இல்லை. ஆலையடிவேம்பு அக்கரைப்பற்றை அடுத்த கரையோர ஊர். அங்குள்ள வெக்கையும் நீண்ட வெயில் காலமும் மாமரத்துக்குத் தேவை. நுவரெலியாவின் 6,000 அடி உயரத்துக் குளிரிலும் பனிமூட்டத்திலும் மாம்பூ பிஞ்சாவது அரிது.

ஆகவே, விதையை நடுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, இந்த மரம் நம் தோட்டத்து உயரத்தில் காய்க்குமா? இரண்டு, விதையில் வரும் மரம் தாய்மரத்தின் பழத்தையே தருமா?

பப்பாசி: இரத்தினபுரி, கேகாலை போன்ற தாழ்ந்த தோட்டங்களுக்கு ஏற்றது. உயரம் கூடக் கூட இனிப்புக் குறையும். நன்கு பழுத்த, நீளமான பழத்தின் விதையை எடுங்கள். விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான தோல் முளைப்பதைத் தடுக்கும். சாம்பலில் தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். அடியில் ஓட்டை போட்ட பால்மாப் பையில் மண்ணும் கூட்டெருவும் நிரப்பி விதையுங்கள். பிறகு 2 அடி நீள, அகல, ஆழக் குழியில் இரண்டு மூன்று கன்று நடுங்கள். நீண்ட காம்பில் கொத்தாகப் பூத்துத் தொங்குவது ஆண் மரம். அதை வெட்டிவிட்டு, தண்டோடு ஒட்டிப் பூக்கும் நல்ல மரம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். 'ரெட் லேடி' ஒரு கலப்பினம். அதன் விதையில் அதே பழம் வராது.

பெஷன்புரூட்: ஊதாத் தோல் உள்ளது குளிரான தோட்டத்துக்கு, மஞ்சள் தோல் உள்ளது தாழ்நிலத்துக்கு. மஞ்சள் இனம் ஒரே கொடியாக நின்றால் காய்க்காது. இரண்டு மூன்று கன்றாவது நடுங்கள். ஒரு வருசமளவில் பலன் தரும். வேலியிலேயே படரும் என்பதால் இடம் குறைந்தவர்களுக்கு நல்லது.

தேசிக்காய்: விதை பெரும்பாலும் தாயைப் போலவே வரும். விதையைக் காயவிடாமல் உடனே நடுங்கள். நாலைந்து வருசம் பொறுக்க வேண்டும்.

பட்டர்புரூட்: மலைநாட்டில் நன்றாக வளரும். ஆனால் விதைக் கன்று காய்க்க ஐந்து முதல் எட்டு வருசம், சிலவேளை இன்னும் கூடச் செல்லும். பழம் எப்படி இருக்கும் என்பதும் அதிர்ஷ்டம்தான். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ரூடோல்ப் ஹாஸ் என்ற தபால்காரர் நட்ட விதைகளில் ஒன்று அபூர்வமாக நல்ல மரமாக அமைந்தது. 1935இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகெங்கும் உள்ள ஹாஸ் மரங்கள் எல்லாம் அந்த ஒரே மரத்திலிருந்து ஒட்டுப்போட்டு வந்த வழி. அவரே தன் பெயரை விதையால் பரப்பவில்லை, ஒட்டால்தான் பரப்பினார்.

"அப்ப விதை போடவே வேணாமா?" என்று கேட்பீர்கள். போடுங்கள். சீக்கிரம் பிள்ளைகள் வாயில் பழம் விழ வேண்டுமானால் பப்பாசியும் பெஷன்புரூட்டும் விதையில் போடுங்கள். மாவுக்கும் பட்டர்புரூட்டுக்கும் ஒட்டுக்கன்று வாங்குவதே சிக்கனம். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேட்டால் எந்த இனம் பொருந்தும் என்று சொல்லுவார்.

பெரிய மரம் வைக்குமுன் தோட்டத்துரையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். லயத்துச் சுவருக்கும் கானுக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். எட்டு வருசம் வளர்த்த மரத்தை வெட்டச் சொன்னால் மனசு தாங்காது.